காந்தம் வீடு வந்த கதை

நம் சங்கத்து இளைஞர் பிரிவினர் ஆண்டு விழாவை முன்னிட்டு இம்முறை ஒரு புதிய கைவேலையை மேற்கொண்டனர். காகிதக்கூழாலும் அட்டையாலும் கோலம், தேர், மயில், தமிழ் எழுத்துகள் ஆகியவற்றைச் சிறு வடிவில் செய்து, வண்ணந்தீட்டி, பின்புறத்தில் ஒரு காந்த வில்லையை ஒட்டினர். குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும் எஃகுப் பீரோவிலும் பற்றிக்கொள்ளும் அழகுப் பொருள்கள் அவை. கண்ணுற்ற பெரியவர் ஒருவர், "இது வெறும் விளையாட்டுத்தானே?" என்றார். விளையாட்டுத்தான், எனினும் அச்சிறு வில்லை நம் இல்லத்தை அடைய ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் ஆயின. அவ்வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

இரும்பை ஈர்க்கும் கல் ஒன்று உண்டென்பதைப் பண்டை மக்கள் நன்கறிந்திருந்தனர். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தேல்ஸ், இரும்பை அசைக்க வல்லதாகலின் அக்கல்லுக்கு உயிர் உண்டு என்று கருதினாராம். வடமொழியாளர் அதனை 'இரும்பின் காதலன்' என்னும் பொருள்பட அயஸ்காந்தம் என்றனர். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்திலும் காந்தமும் இரும்பும் உவமையாய் அமைந்துள்ளன. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் காந்தத் தன்மை வாய்ந்த இரும்புத் தாது இன்றும் கிடைக்கிறது. சித்த மருத்துவர் காந்தச் செந்தூரம் செய்வதையும் நாம் அறிவோம்.

வியப்புக்குரிய இக்கல்லைப் பயனுக்குரியதாக்கிய பெருமை சீனருக்கு உரியது. காந்த ஊசி திசை காட்டும் தன்மையை ஷென் குவோ என்பார் 1088-ஆம் ஆண்டளவில் எழுதி வைத்தார். பீட்டர் பெரிகிரினஸ் என்னும் பிரெஞ்சுக்காரர் 1269-இல் எழுதிய மடலொன்றில் காந்தத்தின் இரு முனைகளையும் விளக்கினார். 1600-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட், இம்மாநிலமே ஒரு பெருங்காந்தம் என்று நிறுவினார். கடலோடிக்கு வழிகாட்டியாயிற்று காந்தம். ஆனால் இல்லத்தினுள் அதற்கு இன்னும் வேலை இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. பழைய எஃகுக் காந்தத்தின் ஆற்றல் எளிதில் தேய்ந்துவிடும். இரு முனைகளும் அண்மையில் அமையும் மெல்லிய வில்லையாக அதனைச் செய்தால் தன் ஆற்றலைத் தானே அழித்துக்கொள்ளும். ஆகவேதான் நாம் பள்ளியில் கண்ட காந்தங்கள் நீண்ட சட்டமாகவோ குதிரை லாடமாகவோ இருந்தன. முனைகளின் குறுக்கே ஓர் இரும்புத் துண்டை வைத்துக் காத்தும் வந்தோம்.

இக்குறை மண்பாண்டத் தொழிலை ஒத்த ஒரு முறையால் நீங்கிற்று. 1930-இல் ஜப்பானிய அறிஞர் கட்டோ, டக்கேய் ஆகிய இருவரும், துருவுக்கு உறவான இரும்பாக்சைடுத் தூளுடன் வேறு உலோக ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்டுக் காந்தம் படைத்தனர். 1952-இல் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வாளர்கள் பேரியம் கலந்த மலிவான வகையை வெளியிட்டனர். குயவர் சூளையில் வைப்பது போலத் தூளை அழுத்திச் சுட்டால் போதும்; மெல்லிய வில்லையாயினும் ஆற்றல் குன்றாது. அத்தூளை ரப்பருடன் கலந்தால் வளையும் பட்டையும் கிடைத்தது.

அப்பட்டை ஓர் அரும்பணி ஆற்றியது. அக்காலத்துக் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு வெளியே மட்டும் திறக்கும் தாழ் இருந்தது. வீசியெறியப்பட்ட பெட்டிகளுள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் வெளிவர இயலாது மூச்சடைத்து மாண்டனர். இக்கொடுமை கண்டு அமெரிக்கா, உள்ளிருந்து தள்ளினாலும் கதவு திறக்க வேண்டும் என 1956-இல் சட்டம் இயற்றியது. 1958-இல் அது நடைமுறைக்கு வந்தது. தாழுக்கு மாற்றாகக் கதவின் விளிம்பில் காந்தப் பட்டை இடம்பெற்றது. கதவை இறுக மூடவும் வேண்டும், குழந்தையின் சிறு கை தள்ளினால் திறக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் காந்தம் செய்தது. நாடோறும் நாம் திறந்து மூடும் கதவில் இத்துயரக் கதையும் அடங்கியுள்ளது.

குழந்தையைக் காத்த காந்தமே குழந்தைக்கு ஊறு செய்யவும் கூடும் என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது. 1983-84-இல் வெளிவந்த நியோடிமியக் காந்தம் சிறியது. ஆற்றலோ மிகப் பெரியது. அத்தகைய இரண்டை ஒரு குழந்தை விழுங்கிவிடின், குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே அவை ஒன்றையொன்று ஈர்த்துக் குடலைத் துளைத்துவிடும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். எனவே நம் கைவேலைக்குக் கருநிறச் சூளைக் காந்தமே ஏற்றது. வில்லை கழன்று விழாதவாறு வலிய பசையால் ஒட்டுக. கைக்குழந்தை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வைக்க.

இனி, இவ்வேலையால் நாம் பெறும் பயன் யாது? உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 எழுத்துகளையும் நம் பிள்ளைகள் தம் கையாலேயே செய்திருக்கின்றனர். பள்ளியில் அவர்கள் பயில்வது வேற்று மொழி. தெருவில் பேசுவதும் அதுவே. ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழை நாம் படித்துவிட்டு மேசையறைக்குள் வைத்துவிடுகிறோம். இனி அதனைப் பிள்ளை செய்த 'அ'கரத்தின் கீழ்க் கதவில் நிறுத்துவோம். நாளும் அவ்வழியே செல்லும் பிள்ளை ஒருநாள் எழுத்துக் கூட்டி, "அத்தை பெயர் இதுதானே?" என்று கேட்கும்.

கடலோடிக்கு வடக்கைக் காட்டிய காந்தம், வடபுலத்தே வாழும் நம் மக்களுக்குத் தெற்கைக் காட்டட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!