இரு கிள்ளியரும் ஒரு சான்றோரும்

உறையூர் என்றவுடன் திருமூக்கீச்சரமும் புகழ்ச்சோழ நாயனாரும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. அப்பழம்பதியின் மதிலருகே, நாயன்மார் காலத்திற்கு நெடுநாள் முன்னரே, பகைவரைச் சந்து செய்வித்த பெரியார் ஒருவர் நின்றார். அவரே கோவூர் கிழார்.

சோழர் குடியிற் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தம்முட் பகைத்தனர். நலங்கிள்ளி முற்றுகையிட, நெடுங்கிள்ளி ஆவூரிலும் உறையூரிலும் கோட்டைக் கதவை அடைத்து உள்ளிருந்தான். உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் பதிப்பித்த புறநானூற்றின் 44, 45-ஆம் பாட்டுக்கள் இச்செய்திகளைத் தெரிவிக்கின்றன.

ஆவூரில் புலவர் அடைத்திருந்தவனிடம் பேசினார். அவன் மானத்தை இகழ்ந்தாரல்லர். அவன் காணாதவற்றைக் காட்டினார். யானைகள் நீராட்டும் உணவுமின்றி வருந்துகின்றன; மகவுகள் பாலின்றி அழுகின்றன; மகளிர் கூந்தலிற் பூவில்லை; மனைகளில் நீரில்லை. அறம் கருதின் கதவைத் திறந்து கொடு. மறம் கருதின் திறந்து போரிடு. இரண்டுமின்றி ஒடுங்கியிருத்தல் தகாது என்றார். வழக்கிற் பங்கில்லாதோர் படும் துயரை முன்வைத்தமையே அவர் சொல்லின் வலிமை.

உறையூரில் இருவரையும் ஒருங்கே நோக்கிக் கூறினார். எதிர்நிற்போன் பனம்பூச் சூடிய சேரனல்லன். வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. ஒருவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடி. இருவரும் வெல்லுதல் இயலாது. மகிழ்பவர் பிற வேந்தரே. யார் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்புக் கூறவில்லை என்பதை நோக்குக. தீர்ப்பு ஒருவனைத் தலைகுனியச் செய்யும். உறவை நினைவூட்டல் இருவரையும் நிமிரச் செய்யும்.

நலங்கிள்ளியைப் பலகாற் பாடியவர் கோவூர் கிழார். அவ்வாறிருந்தும் நெடுங்கிள்ளி அவர் சொல்லைக் கேட்டான். நலங்கிள்ளியிடமிருந்து வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, பரிசில் வாழ்வின் தீங்கற்ற தன்மையை விளக்கி அவனை உய்வித்தவரும் இவரே.

அப்பகை அத்துடன் ஒழிந்தது என்று புறநானூறு கூறவில்லை. நெடுங்கிள்ளி காரியாற்றுத் துஞ்சியவன் என்றே பெயர் பெற்றான். ஆயினும் ஓர் உயிர் காக்கப்பட்டது. அச்சொல்லும் நின்று நிலவுகிறது.

பயன் உடனே கைகூடாவிடினும் சந்து செய்வோர் சோர்தல் ஆகாது. திருவாரூரில் சுந்தரர்பொருட்டுப் பரவையார் மனைக்குத் தூது நடந்த தியாகேசப் பெருமான், முதன்முறை மறுக்கப்பட்டும், அவ்விரவே மீண்டும் எழுந்தருளினார் என்று சேக்கிழார் பெருமான் அருளியுள்ளார். இறைவனே இருமுறை நடந்தான் எனின், நாம் ஒருமுறை பேசிப் பார்த்துக் கைவிடலாமோ?

முதல் மரியாதை எவர்க்கு, தேர்வடம் எவர் கைக்கு என்னும் பிணக்கால் திருவிழாக்கள் நின்றுபோதலும் உண்டு. அப்போது தோற்பவர் எதிர்க்கட்சியாரோ? தேர் காண வந்த முதியோரும் சிறாருமே தோற்கின்றனர். இரு சாராரும் சூடும் திருநீறு ஒன்றே என்று எடுத்துரைக்க ஊர்தோறும் ஒரு கோவூர் கிழார் வேண்டும். அத்தொண்டு நம்முள் ஒருவர்க்கேனும் வாய்ப்பதாக!

திருச்சிற்றம்பலம்.