தீவகத்துச் சவாரி: தரவையில் ஓடிய காளைகளின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவகத்தைப் பற்றிய பழைய ஆவணங்களில் விலங்குகளுக்குக் கிடைத்த இடம் பெரிது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கியது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி வணிகர் காக்கப்பட வேண்டும் என்று கூறும் அந்த ஆணை, யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கைப் பண்டாரம் எனப்படும் அரச கருவூலம் எடுத்துக்கொண்டு மூன்று பங்கை உடையவனுக்கே விட வேண்டும் என்றும், வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி எடுக்கலாம் என்றும் வகுக்கிறது. படைக்கு வேண்டிய விலங்கைக் கொண்டுவரும் வணிகன் நட்டப்பட்டு மறுமுறை வராமல் போய்விடக் கூடாது என்ற கணக்கே இச்சலுகையின் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

பின்வந்த ஆட்சியாளரும் இதே கண்ணோடுதான் தீவகத்தைப் பார்த்தனர். வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவரப்பட்டு இந்தியச் சந்தைகளுக்குக் கப்பலேறின. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள நெடுந்தீவைப் போர்த்துக்கேயர் பசுக்களின் தீவு என்று பொருள்படும் பெயரால் வழங்கினர். அங்கே அவர்கள் தொடங்கிய குதிரை வளர்ப்பை, தீவுக்கு டெல்வ்ற் என்று தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டிய ஒல்லாந்தர் தொடர்ந்தனர். 1697இல் யாழ்ப்பாணக் கொமாந்தராக இருந்த ஹென்றிக் ஸ்வார்டெகுரோன் தாம் இல்லாத காலத்தில் நிருவாகத்தை நடத்தவிருந்தோருக்கு எழுதிவைத்த குறிப்பேட்டில் இக்குதிரை வளர்ப்பும் நிருவாகப் பொறுப்புகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் 1811 முதல் 1824 வரை தீவை மேற்பார்வை செய்த நோலன் என்ற படை அதிகாரியின் பெயரை நெடுந்தீவார் இன்றும் அறிவர். சாராப்பிட்டியில் எஞ்சி நிற்கும் குதிரை லாயத் தூண்களும், அண்மையில் உள்ள கிணறுகளும், தீவின் தெற்கு வெளியில் தாமாகவே பெருகித் திரியும் மட்டக்குதிரைகளும் அக்காலத்தின் எச்சங்களாகும். இக்குதிரைகளின் வாழிடத்தை உள்ளடக்கிய பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இத்தனை நூற்றாண்டுகள் குதிரை வளர்ந்த மண்ணில் குதிரைப் பந்தயம் ஊர் வழக்காக வேரூன்றவில்லை என்பது முதற்பார்வையில் வியப்பளிக்கலாம். ஆனால் குதிரை அரசின் சொத்து. அதற்குப் புல்லும் தண்ணீரும் தேடிக் கொடுத்த குடிமகனுக்கு அதன்மேல் ஏறும் உரிமை இருக்கவில்லை. போட்டியிட்டு ஓட்டிப் பார்க்கும் ஆசை ஒருவனுக்குத் தன் சொந்த விலங்கின்மேல்தான் பிறக்கும். தீவகத்தானுக்குச் சொந்தமாக இருந்தது மாடு. ஆகவே, இந்தத் தீவுகளில் ஓட்டப் பந்தயம் என்ற ஒன்று உருவானபோது அது மாட்டு வண்டிச் சவாரியாக, சுருக்கமாகச் ‘சவாரி’யாக, உருவாயிற்று.

அதற்கு வேண்டிய நிலத்தையும் பருவத்தையும் இயற்கையே அமைத்துக் கொடுத்திருந்தது. தீவகத்தின் அடித்தளம் சுண்ணாம்புப் பாறை; மேல்மண் மெல்லியது; ஆறு இல்லை; கிணறுகள் பலவற்றில் நீர் உவர். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வாடைக்கால மழையை நம்பி ஆண்டுக்கு ஒருமுறை விளையும் நெல்லும், கிணற்று நீர் நன்றாக உள்ள இடங்களில் புகையிலையும் தோட்டப் பயிர்களுமே வேளாண்மை. பயிருக்கு உதவாத தாழ்ந்த புல்வெளிகள் ‘தரவை’ எனப்படும். மழைக்காலத்தில் நீர் தேங்கி, தை பிறந்தபின் வற்றி, மாசி பங்குனியில் தட்டையாக இறுகிக் கிடக்கும் இப்பொது வெளிகளில் ஊர் மாடுகள் எல்லாம் கலந்து மேய்ந்தன. யாருடைய மாடு என்பதைக் குறிசுட்ட அடையாளத்தால் அறிந்தனர். அறுவடை முடிந்து வயலும் தரவையும் காய்ந்து, உழவு மாட்டுக்கும் உழவனுக்கும் ஓய்வு கிடைக்கும் காலமே தைப்பொங்கலில் தொடங்கிச் சித்திரை வருடப்பிறப்பைத் தாண்டி நீளும் சவாரிக் காலமாயிற்று.

வண்டியோ தொழிலிலிருந்து வந்தது. பாரம் ஏற்றும் பெரிய வண்டி, மேலே கூடு கட்டிய பயண வண்டி, ஒற்றை மாடோ இரட்டை மாடோ பூட்டும் இலகுவான ‘திருக்கல்’ எனப் பல வகை வண்டிகள் யாழ்ப்பாணத்தில் புழங்கின. துறையிலிருந்து அரிசி மூட்டையைக் கடைக்குக் கொண்டுபோகவும், வேலணையின் புகையிலைச் சிப்பத்தைப் படகுக்குச் சேர்க்கவும், பனையோலையையும் எருவையும் தோட்டத்துக்கு ஏற்றவும் வண்டி வேண்டியிருந்தது. 1905இல் புகையிரதப் பாதை கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்து ஊர்காவற்றுறைத் துறைமுகத்தின் முதன்மையைக் குறைத்த பின்னரும், தீவுக்குள் சரக்கும் ஆளும் நகர்ந்தது மாட்டின் கழுத்தில்தான். கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வண்டி கட்டிப் போவது பயணம் மட்டுமன்று. எவருடைய சோடி உயரமும் நிறமும் ஒத்தது, எவருடைய வண்டியின் சலங்கை தொலைவில் கேட்கிறது என்று ஊர் பார்த்து அளக்கும் தருணமும் அதுவே. ஒத்த இரண்டு மாடுகளைச் ‘சோடி’ என்பர். சோடி சேர்ப்பது தனிக்கலை. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட, ‘வடக்கன்’ எனப்பட்ட உயர்ந்த வெள்ளை மாடுகளை வைத்திருப்பது செல்வத்தின் அடையாளம். உருவில் சிறிய ஊர் மாட்டுக்குத் தீவனம் குறைவாகப் போதும் என்பதோடு, வறட்சியையும் அது தாங்கும். வெறும் தெருவில் இரண்டு வண்டிகள் அருகருகே வந்துவிட்டால் இளைஞன் கயிற்றைத் தளர்த்திவிடுவதும், முந்தவிடாமல் மற்றவன் விரட்டுவதும் எந்த ஊரிலும் நடக்கக்கூடியதே. அந்தத் தெருப் போட்டி ஒழுங்குக்கு உட்பட்டுத் திடலுக்கு இறங்கியபோது சவாரி ஒரு விளையாட்டாயிற்று.

சவாரித் திடல் சில நூறு மீற்றர் நீளமுள்ள நேரான பாதை. தொடக்கக் கோட்டில் வண்டிகள் அருகருகே நிறுத்தப்படும். நாம்பன் எனப்படும் இளங்காளைகள் பூட்டிய சோடி ஓரிடத்தில் நில்லாது. நுகத்தை உதறும், பின்னுக்கு நகரும், பக்கத்துச் சோடியைக் கண்டு மிரளும். ஆகையால் ஓட்டத்தைவிட அதைச் சரியாகத் தொடங்கி வைப்பதற்கே கூடுதல் நேரம் செல்வதுண்டு. போட்டிக்கான வண்டியில் கூடும் தட்டியும் கிடையா. அச்சு, இரண்டு சில்லு, ஏர்க்கால், நுகம், கால் ஊன்றிக்கொள்ள ஒரு சட்டம், அவ்வளவே. ஒருவர் நாணயக் கயிற்றைப் பிடித்து மாட்டைச் செலுத்த, இன்னொருவர் துவரங்கம்பு கொண்டு விரட்டுவார். மூக்கணாங்கயிற்றோடு இணைந்த அந்த நாணயக் கயிறு ஓட்டுநருடைய திறமை முழுவதையும் காட்டிக்கொடுத்துவிடும். சோடியில் வலிமை குறைந்த மாடு பின்தங்கினால் நுகம் சாய்ந்து வண்டி அந்தப் பக்கமே இழுபடும். விரைவான மாட்டைச் சற்றே அடக்கி மெதுவானதை உந்தி இரண்டையும் ஒரே நடையில் வைத்திருப்பவரே கோட்டை நேராகக் கடப்பார். பாதையைவிட்டு விலகிப் பக்கத்து வண்டியில் மோதினால் சில்லு முறியும், மாட்டின் கால் ஒடியும், ஆளும் சிக்குவார். கூட்டம் பாதையின் இருமருங்கிலும் கயிறு கட்டாமலே நின்ற காலங்களில் பார்க்க வந்தவர்களுக்கும் அது பாதுகாப்பான பொழுதுபோக்காக இருக்கவில்லை. மாடுகளின் தரத்தை ஒட்டி ஏ, பி, சி, டி என்று பிரிவு வகுக்கும் முறை பின்னர் நிலைபெற்றது. புதிதாகப் பழக்கிய சோடியும் அதனால் தனக்கு ஒத்த சோடியோடு ஓடிப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் சிவகங்கை, தூத்துக்குடி வட்டாரங்களில் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயம் இதற்கு உறவானதாயினும் வேறு இயல்பினது. அங்கே வண்டிகள் தார்ச்சாலையில் பல கிலோமீற்றர் போய்த் திரும்ப வேண்டும். மாட்டின் மூச்சும் தாங்கும் வலிமையும் முடிவைத் தீர்மானிக்கும். யாழ்ப்பாணச் சவாரியில் எல்லாமே ஒரு சில கணத்தில் முடிந்துவிடுவதால் புறப்பாடும் நேர்கோடும் முதன்மை பெறுகின்றன.

இலங்கையின் மோட்டார்ப் பந்தயத்தோடு ஒப்பிட்டால் சவாரியின் தனித்தன்மை மேலும் விளங்கும். 1934இல் நுவரெலியாவில் தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் தோட்டத்துரைமாரும் கொழும்புச் செல்வரும் தம் கார்களைச் சோதித்துப் பார்த்த களம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் பரவிய ஓட்டோகுரொஸ் என்ற போட்டியோ, வேலைநாளில் கடைக்கும் அலுவலகத்துக்கும் ஓட்டிய காரையே வார இறுதியில் புல்வெளியில் குறியிட்ட பாதையில் ஓட்டி நேரத்தை அளந்து பார்க்கும் எளியவரின் பந்தயமாக வளர்ந்தது. தீவகத்துச் சவாரி இந்த இரண்டாவதற்கே நெருக்கம். திங்கட்கிழமை பாரவண்டி இழுத்த மாடு ஞாயிற்றுக்கிழமை திடலில் நின்றது. ஓட்டியவர் உழவராகவோ தோட்டக்காரராகவோ சிறுகடை முதலாளியாகவோ இருந்தார். பந்தயத்தால் வாழ்ந்தவர் எவருமில்லை, பந்தயத்தால் காணியை ஈடுவைத்தவர் இருந்திருக்கலாம். சுந்தர் என்ற பெயரில் வரைந்த சி. சிவஞானசுந்தரம் தம் கேலிச்சித்திர நாயகர்களில் ஒருவருக்குச் ‘சவாரித் தம்பர்’ என்று பெயரிட்டபோது விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. மாட்டுப் பைத்தியம் பிடித்த அந்த ஊர்ப் பெரியவரைத் தமிழ் வாசகர் ஒவ்வொருவரும் ஏதோவொரு ஒழுங்கையில் முன்னமே பார்த்திருந்தனர்.

இந்த விளையாட்டின் கொடுமையான பக்கத்தை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. துவரங்கம்பின் நுனியில் ஆணி பொருத்திக் குத்துவது, வாலை முறுக்குவது, கடிப்பது போன்ற பழக்கங்கள் நீண்டகாலம் திறமையின் பகுதியாகவே கருதப்பட்டன. ஓட்டம் முடிந்த காளையின் பின்புறத்தில் குருதி வடிவதை எவரும் பொருட்படுத்தவில்லை. இலங்கையில் விலங்குவதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டதாயினும், அதன் தண்டப்பணம் சவாரிக்காரரை அச்சுறுத்தும் அளவினதன்று. ஊர்த்திடலில் அதை நடைமுறைப்படுத்த முன்வந்தாரும் அரிது. தமிழ்நாட்டில் 2014இல் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்ததும், பின்னர் சட்டத் திருத்தங்கள் வந்து 2023இல் அவை செல்லும் என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் போன்ற பெரிய வழக்கு எதுவும் யாழ்ப்பாணத்துச் சவாரியை மையமாக வைத்து எழவில்லை. மரபு என்ற சொல்லை முன்வைத்து இக்குறையைக் கடந்து செல்லும் வழக்கம் ஏற்பாட்டாளரிடையே இன்றும் உண்டு. மாட்டைப் பிள்ளைபோல் வளர்ப்பதாகக் கூறுவோர் அந்தப் பிள்ளைக்கு ஆணி குத்துவதை எவ்வாறு பொருத்திப் பார்க்கின்றனர் என்பது கேட்கத்தக்க கேள்வியே.

மாட்டின் தொழிலை முதலில் பறித்தது லொறியும் உழவு இயந்திரமும். தாம்போதிகள், அதாவது ஆழமற்ற கடலை ஊடறுத்துக் கட்டிய கல்வீதிகள், மண்டைதீவையும் வேலணையையும் புங்குடுதீவையும் குடாநாட்டோடு இணைத்தபின் வாகனம் வீட்டு வாசல்வரை வந்தது. ‘லான்ட்மாஸ்ரர்’ என்று ஊரார் வழங்கும் இருசில்லு உழவு இயந்திரம் ஒரு பகலில் உழுவதை ஒரு சோடி எருது பல நாள் உழ வேண்டியிருந்தது. வேலையற்ற மாட்டை வைத்துத் தீனி போடுவது செலவாகிவிட, சவாரிக்கென்றே மாடு வளர்ப்பவர் வேறாகவும் உழவர் வேறாகவும் பிரியத் தொடங்கினர்.

உள்நாட்டுப் போர் இந்தப் போக்கைத் தாறுமாறாக்கியது. 1990இலும் 1991இலும் இலங்கைப் படையினர் தீவகத்தைக் கைப்பற்றியபோது வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு மக்களிற் பெரும்பாலோர் கையில் எடுத்ததோடு குடாநாட்டுக்கு ஓடினர். மாடுகளை அவிழ்த்துவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கட்டாக்காலியாக அலைந்த அம்மாடுகள் தண்ணீரின்றியும் வெடியிற் சிக்கியும் இறந்தன, களவாகவும் பிடிக்கப்பட்டன. அதே காலத்தில், பொருளாதாரத் தடையால் பெற்றோலும் டீசலும் கிடையாமற்போன குடாநாட்டில் பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓட, கொட்டிலில் கிடந்த மாட்டுவண்டி மீண்டும் தெருவுக்கு வந்தது. 1995இல் குடாநாட்டின் வலிகாம மக்கள் இடம்பெயர்ந்தபோதும் வண்டியில் பொருளேற்றிச் சென்றவர் உண்டு. தொழில் விலங்காக மாடு கடைசியாகப் பயன்பட்டது அந்த ஆண்டுகளில்தான் என்று கொள்ளலாம்.

2009இல் போர் முடிந்த பின் சவாரி வடமாகாணம் முழுவதும் புத்துயிர் பெற்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ச் சோடிகளும் யாழ்ப்பாணத் திடல்களுக்கு வருகின்றன. பரிசுப் பணத்தையும் தங்கக் காசையும் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் வாழும் ஊரார் அனுப்புகின்றனர். ஓட்டம் கைப்பேசியில் ஒளிப்பதிவாகி அன்று மாலையே அவர்களைச் சென்றடைகிறது. வண்டி இழுத்தே ஊரூராகச் சென்ற மாடு இப்போது ‘பட்டா’ எனப்படும் சிறு லொறியில் ஏறித் தாம்போதியைக் கடந்து வருகிறது. ஆயினும் தீவகத்தின் நிலை ஏனைய இடங்களைப் போன்றதன்று. பூட்டிக் கிடக்கும் வீடுகளும் ஆளற்ற காணிகளும் மிகுந்த புங்குடுதீவில் திடலுக்கு நிலம் தேடுவது எளிது, மாட்டைக் காலை மாலை நடத்திப் பழக்க இளைஞரைத் தேடுவதுதான் கடினம். கட்டாமல் மேயும் மாடுகள் இரவில் இறைச்சிக்காகக் களவு போகின்றன என்ற முறைப்பாடும் ஓய்ந்தபாடில்லை. குறிகட்டுவானிலிருந்து படகில் மட்டுமே செல்லக்கூடிய நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் வெளியூர்ச் சோடிகளைக் கொண்டுபோவது செலவும் தொல்லையும் மிக்கது என்பதால், அங்கே ஓட்டம் நடக்கும்போது ஓடுபவை பெரும்பாலும் அத்தீவின் மாடுகளே. நெடுந்தீவுக்கு அது ஒருவகையில் நன்மையும் கூட, ஏனெனில் வறட்சியைத் தாங்கும் சிறிய ஊர் மாட்டுக்கு உயர்ந்த வெளியூர்ச் சோடிகளோடு போட்டியிட வேண்டிய தேவை அங்கு எழுவது குறைவு.