திருச்சி, ஸ்ரீரங்கம் முன்பதிவு முகப்புகளும் சென்னைச் சேவையகமும்

திருச்சிராப்பள்ளி சந்திப்பு, ஸ்ரீரங்கம் ஆகிய ரயில் நிலையங்களின் முன்பதிவு முகப்புகளில் உள்ள கணினிகள் தாமாக எந்த இடத்தையும் ஒதுக்குவதில்லை. அவை சென்னையிலுள்ள சர்வர் எனப்படும் சேவையகத்துடன் இணைக்கப்பட்டவை. இந்திய ரயில்வேயின் பயணிகள் முன்பதிவு அமைப்புக்கு தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்கள் உள்ளன.

பதிவேட்டுக் காலம்

கணினி வருவதற்கு முன் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பதிவேடு இருந்தது. பயணியின் பெயரை எழுத்தர் அதில் கையால் எழுதினார். ஒரே பதிவேட்டை இரண்டு ஊர்களில் வைத்திருக்க முடியாது. ஆகவே நிலையங்களுக்கு இடங்கள் பங்காகப் பிரித்துத் தரப்பட்டன. ஓர் ஊரின் பங்கு தீர்ந்தபின், மற்றோர் ஊரின் பங்கில் இடம் காலியாக இருந்தாலும் அது தெரியவராது. திரும்பும் பயணத்துக்கு, ரயில் புறப்படும் ஊருக்குத் தந்தி அனுப்பிக் காத்திருக்க வேண்டும். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வருவோர், ஊர் திரும்ப இடம் உறுதியாகாமலே புறப்பட நேர்ந்தது.

கணினிமயம்

1985இல் புது தில்லியில் ‘இம்ப்ரெஸ்’ என்னும் கணினி முன்பதிவு முறை சோதனையாகத் தொடங்கியது. ரயில்வேக்கான மென்பொருளை உருவாக்க 1986இல் ‘கிரிஸ்’ நிறுவனம் அமைக்கப்பட்டது. பெருநகர மையங்கள் கணினிமயமான பிறகும் அவை தனித்தனியே இயங்கின. 1994இல் செகந்திராபாத்தில் ‘கான்செர்ட்’ என்னும் புதிய மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. 1999இல் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைந்தன. அதன்பின் திருச்சியில் நின்றபடியே தில்லியில் புறப்படும் ரயிலுக்கும் இடம் பதிவு செய்ய முடிந்தது.

ஒரு படுக்கை, இரு பயணிகள்

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஒரே ஒரு படுக்கை மீதமிருப்பதாகக் கொள்வோம். திருச்சி எழுத்தரும் ஸ்ரீரங்கம் எழுத்தரும் ஒரே நேரத்தில் விசையை அழுத்துகிறார்கள். இருவர் திரையிலும் ‘1’ என்றே தெரிகிறது. முடிவை முகப்புக் கணினிகளிடம் விட்டால் ஒரே படுக்கை இருவருக்கு விற்கப்படும்.

இதைத் தவிர்க்கவே முடிவு சேவையகத்திடம் உள்ளது. முதலில் வந்த கோரிக்கைக்காக அது அந்தப் பதிவைப் பூட்டுகிறது. இடத்தை ஒதுக்கி, கட்டணம் கணக்கிட்டு, 10 இலக்கப் பி.என்.ஆர். எண் தந்த பிறகே பூட்டைத் திறக்கிறது. சில நொடிப் பின்னத்தில் வந்த மற்றவருக்கு ஆர்.ஏ.சி. அல்லது காத்திருப்போர் பட்டியலே கிடைக்கும். இடையில் இணைப்பு அறுந்தாலும் வேலை பாதியில் நிற்கக்கூடாது. ஒரு பதிவு முழுவதும் நடந்திருக்க வேண்டும். இல்லையேல் நடக்காததாகவே கொள்ளப்பட வேண்டும் என்பது விதி.

இன்றைய நிலை

2002 ஆகஸ்ட் 3 முதல் ஐ.ஆர்.சி.டி.சி. வழியாக இணையத்திலும் பயணச்சீட்டு கிடைக்கிறது. ஆனால் பதிவேடு ஒன்றுதான். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. காலை 8 மணிக்கு ஸ்ரீரங்கம் வரிசையில் முதலாவதாக நிற்பவரும், வீட்டில் கைப்பேசியுடன் இருப்பவரும் அதே பதிவுக்குத்தான் போட்டியிடுகிறார்கள்.

பதிவு எந்த மையத்தில் உள்ளது என்பதைப் பயணச்சீட்டே காட்டும். பி.என்.ஆர். எண் 4 அல்லது 5இல் தொடங்கினால் பொதுவாக அது சென்னை மையம். 2 அல்லது 3 எனில் தில்லி.