ஊரே குடிப்பெயராய்

குடிவழி ஆராய்வோர்க்கு அரிய குடும்பப்பெயர் ஒரு கைவிளக்கு. நம்மிடமோ தலைப்பெழுத்துத் தலைமுறைதோறும் மாறிவிடுகிறது. கொள்ளுப்பாட்டனாரோடு என் தேடல் நின்றுபோனதும் இதனால்தான்.

தெலுங்கரிடம் வீட்டுப்பெயர் நிலைத்து நிற்கிறது. 1907இல் 'ரமண மகரிஷி' என்று பெயர் சூட்டிய காவ்யகண்ட கணபதி முனிவரின் வீட்டுப்பெயர் அய்யல சோமயாஜுல. சோமவேள்வி செய்த முன்னோரை அது இன்றும் சொல்கிறது. பெயர் பெற்றவருக்கு அப்படியொன்று இல்லை.

1896இல் அண்ணாமலை வந்த அந்தப் பதினாறு வயது இளைஞர் பேசாதிருந்தார். யாரென அறியாமல் போவதில்லை என்று தாலுகா அலுவலகத் தலைமைக் கணக்கர் வேங்கடராமையர் பிடிவாதமாய் அமர்ந்துவிட்டார். வேறு வழியின்றி 'வேங்கடராமன், திருச்சுழி' என்று எழுதிக் காட்டினார் இளைஞர். திருச்சுழி எங்குள்ளது? கணக்கர் விழிக்க, அருகிலிருந்த பெரியபுராணத்தை எடுத்து, சுந்தரர் பாடிய தலமென்று சுட்டினாராம். தந்தை சுந்தரமையரின் பெயர் அதில் இல்லை, குலம் இல்லை, தலைப்பெழுத்தும் இல்லை. ஊர் ஒன்றே.

அது போதுமாயிருந்தது. அவர் இருக்குமிடம் உறவினர்க்குத் தெரிந்து, 1898இல் சிற்றப்பா நெல்லையப்பையர் வந்தார். ஆண்டிறுதியில் அன்னை அழகம்மாளும் வந்தார்.

நம் வட்டத்துக் கவிஞர்கள் பெயர்முன் ஊரைச் சூடுவதை ஆடம்பரமென்று நான் எண்ணியதுண்டு. இப்போது பழைய பத்திரங்களைப் பிரித்தால் ஆட்பெயரை விட்டு ஊர்ப்பெயரையே முதலில் தேடுகிறேன்.