சிம்லிங்க்கும் ஷெல்லும்

சிம்லிங்க் என்பது வேறொரு கோப்பின் அல்லது அடைவின் பாதையைத் தன்னுள் எழுதி வைத்திருக்கும் சிறு கோப்பு. 1983-ல் வெளியான 4.2 பிஎஸ்டி வழியே யூனிக்ஸ் உலகில் இது பரவியது. சிம்லிங்க் வழியாக ஓர் அடைவுக்குள் நுழைந்தவர் ‘ஒரு படி மேலே’ என்று கேட்டால் எங்கே போவது என்ற தகராறும் கூடவே வந்தது.

தேக்கடியில் சுரங்கத்துக்குள் புகும் பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்கில் வெளியேறுகிறது. வந்த வழியைக் கேட்டால் தேக்கடி. நிற்கும் இடத்தைக் கேட்டால் தேனி மாவட்டம். சிம்லிங்க்கிலும் இப்படித்தான்: நம் கட்டளைகளைப் படிக்கும் ஷெல் முதல் விடையைச் சொல்லும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் இரண்டாவதை.

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், டெபியன் வழிவந்த, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் தமிழகப் பள்ளி மாணவர்களின் கைக்கு வந்தது. அத்தகைய கணினியில் ‘/பள்ளி/பாசனம்’ என்ற சிம்லிங்க் ‘/தரவு/தேனி/கம்பம்’ என்ற அடைவைச் சுட்டுவதாகக் கொள்வோம். ‘சிடி /பள்ளி/பாசனம்’ என்று நுழைந்தபின், இருக்கும் பாதையைக் காட்டும் ‘பிடபிள்யூடி’ கொடுத்தால் ‘/பள்ளி/பாசனம்’ என்றே வரும். ‘சிடி ..’ நம்மைப் ‘/பள்ளி’க்குக் கொண்டுபோகும். அதற்குப் பதில் அங்கிருந்தபடியே, உள்ளவற்றைப் பட்டியலிடும் ‘எல்எஸ் ..’ கொடுத்தால் போடியும் உத்தமபாளையமும், அதாவது ‘/தரவு/தேனி’யில் உள்ளவை, வரிசையாக வரும்! புதியவர்கள் மிரளும் இடம் இதுதான்.

காரணம் எளிது. ஒவ்வோர் அடைவிலும் உள்ள ‘..’ அதன் உண்மையான தாயடைவையே குறிக்கிறது. எந்த சிம்லிங்க் வழியாக வந்தோம் என்பது கெர்னலுக்குத் தெரியாது. டேவிட் கோர்னின் கோர்ன் ஷெல், வந்த பாதையைத் தானே நினைவில் வைத்து, ‘சிடி ..’ வந்தால் கடைசிப் பெயரை வெட்டிவிடும் முறையைக் கொண்டுவந்தது. போசிக்ஸ் தரமும் அதை ஏற்றதால் பாஷ், டாஷ் ஆகிய ஷெல்கள் இரண்டும் அப்படியே நடக்கின்றன. ‘எல்எஸ்’, ‘சிபி’, ‘ஆர்எம்’ போன்றவை தனி நிரல்கள். ஷெல்லின் நினைவு அவற்றுக்கு எட்டாது. ‘ஆர்எம்’முக்கு ‘..’ கொண்ட பாதையைக் கொடுப்பவர் இதை மறந்தால், தவறான அடைவில் கோப்புகள் அழியும். ஸ்கிரிப்ட்களில் ‘சிடி -பி’ எழுதுவதே நல்லது. அது உண்மைப் பாதையைப் பின்பற்றும். பாஷில் ‘செட் -பி’ அந்த ஷெல் அமர்வு முழுதும் அதையே வழக்கமாக்கும்.

ராப் பைக் 2000-ல் பிளான் 9 இயங்குதளத்துக்கு வேறு தீர்வு கண்டார்: கோப்பு எந்தப் பெயரால் திறக்கப்பட்டதோ அதைக் கெர்னலே நினைவில் கொள்ளும். அங்கே சிம்லிங்க்கே கிடையாது என்றாலும் ‘..’ பற்றிய அதே தகராறு இருந்தது.

சிம்லிங்க்குகள் ஒன்றையொன்று சுட்டி வட்டமடித்தால், லினக்ஸ் கெர்னல் 40 தாவல்களோடு நின்று பிழை சொல்லிவிடும். முழு உண்மைப் பாதை வேண்டுமானால் ‘ரியல்பாத்’ உண்டு. லினக்ஸில் ‘/பின்/பிடபிள்யூடி’ என்று முழுப்பெயரிட்டு அழைத்தாலும் பொதுவாக உண்மைப் பாதையே கிடைக்கும்; வெறும் ‘பிடபிள்யூடி’ ஷெல்லின் சொந்தக் கட்டளை.