சாராயமும் கஞ்சாவும்: தடா எல்லையில் தீங்கை அளந்தவர்கள்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எளாவூர்ச் சோதனைச்சாவடியையும் ஆரம்பாக்கத்தையும் கடந்து தடாவில் ஆந்திரத்திற்குள் நுழைகிறது. சாலைக்கு மேற்கே ஸ்ரீ சிட்டியின் தொழிற்கூடங்கள் தொடங்குகின்றன. இந்த எல்லையில் இருபது கிலோவுக்கு மேல் கஞ்சாவுடன் பிடிபடுபவருக்குப் பத்து ஆண்டுக்குக் குறையாத கடுங்காவல் காத்திருக்கிறது. எல்லையின் தென்புறம் அரசே மதுக்கடை நடத்துகிறது. வடபுறம் அரசின் உரிமம் பெற்றவர்கள் நடத்துகிறார்கள். இரு பொருள்களின் தீங்கையும் அளந்து, பெரியது எது, சிறியது எது என்று கண்ட பிறகு வகுக்கப்பட்ட வேறுபாடு இது என்றே பலரும் எண்ணுகிறார்கள். இவ்வட்டாரத்தின் நூற்றுமுப்பது ஆண்டு வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

முதலில், இரண்டும் ஒரே பேரேட்டில் இருந்தன. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள், சாராயம், கஞ்சா மூன்றையும் ஒரே துறையின்கீழ் வைத்தது. இன்றைய ஸ்ரீ சிட்டியைச் சூழ்ந்த ஊர்கள் அன்று செங்கற்பட்டு, நெல்லூர், வட ஆற்காடு ஆகிய மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடந்தன. (சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911இல்தான்.) மூன்றிலும் கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. மரத்துக்கு வரி, வடிப்புக்கு வரி, கஞ்சாவுக்கு வரி. ஆப்காரி அதிகாரிக்குத் தெரிந்த வேறுபாடு வரியின் விகிதம் மட்டுமே.

தீங்கு எவ்வளவு என்ற கேள்வியை அரசின்முன் முறையாக வைத்தவர் இந்தியாவில் மதுவுக்கு எதிராக இயக்கம் நடத்திவந்த பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் டபிள்யூ. எஸ். கெய்ன். 1893 மார்ச்சில் அவர் காமன்ஸ் அவையில் எழுப்பிய கேள்வியின் விளைவாக அமைந்ததுதான் ‘இந்தியன் ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன்’ எனப்படும் கஞ்சா விசாரணை ஆணையம். மெக்வொர்த் யங் தலைவர், உறுப்பினர் எழுவர், அவர்களில் இந்தியர் மூவர், பெண் எவருமில்லை. நாடு முழுவதும் 1,193 சாட்சிகளை விசாரித்து 1894இல் அறிக்கை அளித்தார்கள்.

அந்த அறிக்கையில் இன்றும் ஆய்வாளர் படிக்க வேண்டிய பகுதி மனநோய் விடுதிகளைப் பற்றியது. கஞ்சா பைத்தியம் பிடிக்கச் செய்யும் என்ற நம்பிக்கைக்கு அன்று காட்டப்பட்ட சான்று விடுதிகளின் ஆண்டுப் புள்ளிவிவரம். அந்தப் புள்ளிவிவரம் எப்படி உருவாகிறது என்று ஆணையம் தோண்டியது. நோயாளியை அழைத்துவரும் காவலர் ஒரு விவரத்தாள் கொண்டுவருவார். அதில் ‘காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. காரணம் தெரியாதபோது, ஆள் எப்போதோ கஞ்சா புகைத்ததாக யாரேனும் சொன்னால் அக்கட்டத்தில் கஞ்சா ஏறிவிடும். விடுதி மருத்துவர் அதை அப்படியே தம் பதிவேட்டில் பெயர்த்தெழுதுவார். ஆண்டு முடிவில் அது புள்ளிவிவரமாகும். 1892ஆம் ஆண்டில் கஞ்சாவால் நேர்ந்ததாகக் குறிக்கப்பட்ட 222 சேர்க்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சொந்த ஊர்வரை சென்று விசாரித்தபின், 98 மட்டுமே தேறின. அவற்றிலும் பலவற்றில் வேறு காரணங்களும் கலந்திருந்தன. எண்ணை நம்பாமல் எண் பிறந்த இடத்துக்குச் சென்று பார்த்த ஆய்வுகள் அந்நூற்றாண்டில் அரிது.

அளவான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, மிகையான பயன்பாடு கேடு விளைவிக்கும், முழுத்தடை தேவையும் அன்று, உசிதமும் அன்று என்பது ஆணையத்தின் முடிவு. தடை விதித்தால் மக்கள் இதைவிடக் கொடிய போதையை நாடுவர் என்பதும் அதன் காரணங்களுள் ஒன்று. ஊமத்தையும் சாராயமும் சாட்சிகளின் வாயில் அடிக்கடி வந்தன. மதுவை எதிர்த்தவர் எழுப்பிய கேள்விக்கு, மதுவைக் காட்டியே கஞ்சாவை விட்டுவைக்கும் விடை கிடைத்தது. இன்று கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கோருவோர் இவ்வறிக்கையை வேதவாக்குபோல் எடுத்தாள்கிறார்கள். கட்டுப்பாடும் வரியும் தொடர வேண்டும் என்று சொன்ன அந்த ஆணையம், அவற்றால் கருவூலம் நிறைந்துகொண்டிருந்த ஓர் அரசால் அமைக்கப்பட்டது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

கருவூலத்தின் கணக்கை முதலில் உடைத்தது 1937ஆம் ஆண்டின் சென்னை மதுவிலக்குச் சட்டம். இராஜாஜி அமைச்சரவை அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலத்தில் தொடங்கி, 1938இல் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939இல் வட ஆற்காட்டுக்கும் அதை நீட்டித்தது. மதுவிலக்கு என்ற பெயரால் அறியப்பட்டாலும் அச்சட்டம் ‘மதுவும் போதைப்பொருளும்’ என்றே பேசியது. கஞ்சாவும் பங்கியும் அதனுள் அடக்கம். ஆக ஆப்காரியில் ஒன்றாக விற்கப்பட்டவை மதுவிலக்கில் ஒன்றாகத் தடுக்கப்பட்டன. மாகாண வருவாயில் ஏறத்தாழக் கால்பங்கு ஆப்காரியிலிருந்து வந்த காலம் அது. பள்ளத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு போய்விட்டது, விற்பனை வரி போகவில்லை என்பது தனிக்கதை.

தடை மாவட்டம் மாவட்டமாக வந்ததால் எல்லையோர ஊர்களின் நிலை விசித்திரமானது. 1938இல் சித்தூர் உலர்ந்தது; அதை ஒட்டியிருந்த செங்கற்பட்டும் நெல்லூரும் உலரவில்லை. ஒரே பனங்காட்டின் இரு பக்கங்களில் ஒரே தொழில் ஒருபுறம் குற்றம், மறுபுறம் உரிமம். போர்க்காலத்தில் ஆளுநராட்சி தடையை நிறுத்திவைத்தது. விடுதலையை ஒட்டி மீண்டும் வந்து 1948இல் மாகாணம் முழுதும் பரவியது. 1953இல் சித்தூர் புதிய ஆந்திர மாநிலத்தோடு சென்றபோது சென்னையின் இந்தச் சட்டத்தையும் சுமந்து சென்றது. மதுவிலக்கைக் கைவிடலாம் என்ற இராமமூர்த்திக் குழுவின் பரிந்துரையை ஒட்டி எழுந்த பூசலில், 1954 நவம்பரில் பிரகாசம் அமைச்சரவை ஒரே வாக்கு வேறுபாட்டில் கவிழ்ந்தது. ஓர் அமைச்சரவையையே கவிழ்க்கும் கனம் மதுவுக்கு இருந்தது. கஞ்சாவுக்காக எந்த அமைச்சரவையும் கவிழ்ந்ததில்லை. அதில் அவ்வளவு பணம் இல்லை. 1960இல் படாஸ்கர் தீர்ப்பின்படி எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்கும் போயின. ஸ்ரீ சிட்டியின் பெரும்பகுதி பின்னர் எழுந்தது இந்தச் சத்தியவேட்டை ஒட்டிய நிலத்தில்தான்.

இரு பொருள்களும் பிரிந்தது அதன் பின்னரே. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. ஒற்றை உடன்படிக்கை கஞ்சாவைக் கட்டுப்பட்டியலில் சேர்த்து, மருத்துவம் சாராப் பயன்பாட்டை இருபத்தைந்து ஆண்டுகளில் ஒழிக்குமாறு பணித்தது. மதுவைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. உடன்படிக்கை எழுதிய நாடுகளின் விருந்துமேசையில் இருந்த பொருள் அது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் அந்தக் கெடுவை ஒட்டி வந்தது. பூங்கொத்து நீங்கிய இலையை அது கஞ்சா என்ற வரையறையிலிருந்து விலக்கியது; வடக்கே பங்கி கடைகள் பிழைத்திருப்பது அதனால். ஆக, கஞ்சா தில்லிக்கும் சிறைக்கும் சென்றது. மது மாநிலக் கருவூலத்துக்குத் திரும்பியது. இந்தப் பிரிவினையின்போது, 1894இல் நடந்ததைப் போன்ற தீங்கு விசாரணை எதுவும் நடக்கவில்லை.

ஆனால் வேறோர் இடத்தில் நடந்தது. 1992இல் நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா என்ற சிற்றூரில், அறிவொளி இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்ற கூலிப்பெண்கள் சாராயக்கடையை மூடவைத்தார்கள். ஊர்ப்பெண்கள் கடையை மூடிய கதையொன்று அவர்களுடைய பாடப்புத்தகத்திலேயே இருந்தது. மாவட்டம் முழுவதும் பற்றிய தீயில் சாராய ஏலங்கள் நின்றன. 1993 ஏப்ரலில் நெல்லூரிலும் அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதிலும் சாராயம் தடைபட்டது. 1995 ஜனவரியில் என்.டி. ராமாராவ் முழு மதுவிலக்கு கொண்டுவந்தார். 1997இல் அது தளர்ந்தது. தடாவும் சூளூர்ப்பேட்டையும் அன்று நெல்லூர் மாவட்டத்தில்தான் இருந்தன.

அப்பெண்கள் கையாண்ட அளவுகோல் ஆணையத்தினுடையதினின்று வேறுபட்டது. ஆணையம் குடிப்பவனின் உடலையும் மனத்தையும் பார்த்தது. இவர்கள் கூலி வீட்டுக்கு வரும் வழியில் எங்கே நின்றுவிடுகிறது, இரவில் அடி யார்மேல் விழுகிறது என்று பார்த்தார்கள். குடிக்காதவருக்கு நேரும் தீங்கு அவர்கள் கணக்கில் முதலிடம் பெற்றது. அதே ஊர்களில் கஞ்சாவுக்கு எதிராக அத்தகைய எழுச்சி ஏன் இல்லை என்ற கேள்விக்கு, கஞ்சா நல்லது என்பது விடையாகாது. ஊர்தோறும் பாக்கெட்டில் அடைத்து, கடன் சொல்லி, அரசின் ஏலச்சீட்டோடு வாசலுக்கு வந்த பொருள் சாராயம் ஒன்றுதான்.

மேற்கத்திய ஆய்வு இந்த அளவுகோலுக்கு 2010இல் வந்துசேர்ந்தது. டேவிட் நட் குழுவினர் லான்செட் இதழில் பதினாறு அளவைகளால் பிரிட்டனின் போதைப்பொருள்களை மதிப்பிட்டபோது, பிறருக்கு நேரும் தீங்குகளையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். நூற்றுக்கு மதுவுக்கு 72, ஹெராயினுக்கு 55, கஞ்சாவுக்கு 20. இந்தியாவில் எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடி. பங்கியும் சேர்த்துக் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 3.1 கோடி. குடிப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமைப்பட்டிருக்கிறார். கஞ்சா வகையில் பதினொருவரில் ஒருவர்.

இந்த எண்களையும் 1894இன் பாடத்தோடுதான் படிக்க வேண்டும். தெருவுக்கொரு கடையில் கிடைக்கும் பொருளும் சிறைக்கு அஞ்சி வாங்கும் பொருளும் சமநிலையில் ஒப்பிடப்படவில்லை. கஞ்சாவின் எண் சிறியதாக இருப்பதில் தடைக்கும் பங்கு இருக்கலாம். மனநோய் பற்றிய பழைய ஐயமும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. 45,000க்கு மேற்பட்ட சுவீடன் நாட்டுப் படைப்பயிற்சி இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளியான ஆய்வு, மிகுதியாகக் கஞ்சா புகைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு நேரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்று கண்டது. விளைவுக்குக் காரணம் கஞ்சா மட்டுமா என்ற விவாதம் தொடர்ந்தாலும், பதின்பருவத்தில் தொடங்குவோருக்கு இடர் கூடுதல் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் வலுப்படுத்தியுள்ளன. ‘இயற்கை மூலிகைதானே’ என்ற விடுதி அறைப் பேச்சுக்கு இதில் ஆதரவில்லை.

கஞ்சாவின் கணக்கில் சேர்க்க வேண்டிய இன்னொரு தீங்கு சட்டத்தால் வருவது. விசாகப்பட்டினத்து மலைப்பகுதியில் விளைவது இந்நெடுஞ்சாலை வழியே தெற்கே வருகிறது. 2021இல் தொடங்கிய ‘ஆபரேஷன் பரிவர்த்தனா’வில் ஆயிரக்கணக்கான ஏக்கர்ப் பயிர் அழிக்கப்பட்டும் வரத்து நிற்கவில்லை. சோதனைச்சாவடியில் சிக்குபவர் பெரும்பாலும் மூட்டை சுமக்கும் கூலி. வணிக அளவு என்றால் 37ஆம் பிரிவின்படி பிணை கிடைப்பதே அரிது. இந்தியா 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்க ஆதரவாக வாக்களித்தது. உள்நாட்டுச் சட்டத்தில் தண்டனை அப்படியே இருக்கிறது. மறுபுறம், 2024 அக்டோபரில் ஆந்திர அரசு 3,396 தனியார் மதுக்கடைகளுக்கு உரிமம் வழங்கி, 180 மில்லியை 99 ரூபாய்க்குக் கொடுக்க வகைசெய்தது.

2022 முதல் சத்தியவேடும் தடாவும் ஒரே திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றன. மூன்று மாவட்டங்களில் சிதறியிருந்த பதிவுகளை இனி ஓரிடத்தில் வைத்துப் பார்க்க முடியும்: காவல் நிலைய முதல் தகவல் அறிக்கைகள், திருப்பதி ரூயா மருத்துவமனையின் விபத்து, மனநலச் சேர்க்கைகள், குடும்ப வன்முறை மனுக்கள். ‘காரணம்’ என்ற கட்டத்தை இன்று நிரப்புவது யார், எதைக் கேட்டு நிரப்புகிறார் என்பதிலிருந்து அந்த வேலை தொடங்கலாம்.