உகந்தை – கதிர்காமம் காட்டுப்பாதை

அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள உகந்தமலை முருகன் ஆலயத்திலிருந்து குமண, யால தேசிய பூங்காக்களின் ஊடாகக் கதிர்காமம் வரை செல்லும் பாதயாத்திரை வழி இது. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி, கிழக்குக் கரையோரமாக ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து வரும் நெடும் யாத்திரையின் கடைசிக் கட்டமும் இதுவே. போர்க்காலத்தில் தடைப்பட்டிருந்த அந்த யாத்திரை 1988இல் புத்துயிர் பெற்றது. ஆலையடிவேம்பு, தம்பிலுவில், திருக்கோவில் மக்களில் யாத்திரை போவோர் பெரும்பாலும் உகந்தையிலிருந்து காட்டுக்குள் இறங்குபவர்களே. வடக்கிலிருந்து வரும் அடியார்கள் அக்கரைப்பற்றையும் ஆலையடிவேம்பையும் கடந்து, சங்கமன்கண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் பொத்துவில், பாணமை வழியே உகந்தைக்கு வந்து சேர்வார்கள்.

பாதை ஒன்றுதான், பாவிப்போர் பலர். யானையும் எருமையும் அதே தடத்தில் தண்ணீருக்குப் போகின்றன. முன்பு ‘யால கிழக்கு’ எனப்பட்டு 2006இல் பெயர் மாறிய குமண பூங்கா ஏறத்தாழ 356 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. பறவை பார்க்க வருவோரின் ஜீப்புகள் ஆண்டு முழுதும் உகந்தை வாசலால் உள்ளே போகின்றன. கால்நடையாகப் போக அனுமதி கிடைப்பது கதிர்காம ஆடிவேல் விழாவை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டுமே. வாசல் திறக்கும் நாளையும் மூடும் நாளையும் ஆண்டுதோறும் மாவட்டச் செயலகத்தில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், படையினர், ஆலய நிர்வாகத்தினர் கூடிப் பேசி அறிவிக்கிறார்கள். ஆயத்தத்தின் முதல் வேலை அந்தத் திகதிகளைக் கேட்டு உறுதிசெய்துகொள்வது. சென்ற வருடத் திகதியை நம்பிப் பொதி கட்டக் கூடாது. கடைசி நாளில் உள்ளே இறங்குவதும் நல்லதல்ல. பின்னால் ஆள் வராத காட்டில் காலில் கொப்புளம் கண்டு பின்தங்குபவருக்குத் துணையிருக்காது.

அடியார்கள் சொல்லும் தரிப்பிடங்கள் வாகூர வெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். ஒவ்வொன்றும் தண்ணீரை வைத்தே தரிப்பிடமாயிற்று. இந்தக் காட்டில் பயணத் திட்டம் என்பதே தண்ணீர்த் திட்டம்தான். ஆனி, ஆடி மாதங்களில் கிழக்கில் மழை இல்லை. கச்சான் காற்று உதட்டை வெடிக்க வைக்கும். படையினரும் தொண்டர்களும் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பது பெரிய உதவி, ஆனால் அது எந்த நேரத்தில் எந்த இடத்தில் நிற்கும் என்று கணக்குப் போட முடியாது. நாளொன்றுக்கு ஒருவருக்குக் குறைந்தது 4 லீற்றர் தேவை என்று வைத்துக்கொண்டு, அடுத்த தரிப்பிடம் வரைக்குமானதைத் தோளிலேயே சுமக்க வேண்டும்.

வற்றிய ஆற்றில் நீர் எடுக்கும் முறை பழைய அடியார்களுக்குக் கைவந்தது. மணலில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டுவார்கள். முதலில் ஊறுவது கலங்கல். அதைச் சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். இரண்டாம், மூன்றாம் முறை ஊறிய நீர் தெளியும். அதையும் வேட்டித் துணியை நாலாக மடித்து வடித்து, கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். எருமை படுத்த மடுவின் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் எலிக்காய்ச்சலும் வயிற்றோட்டமும் அதிலிருந்து வரும். வயிற்றோட்டம் கண்டவருக்குக் கொடுக்க ஜீவனிப் பைக்கற்றுகள் ஒவ்வொரு குழுவிடமும் இருக்க வேண்டும்.

குமுக்கன் ஆறு என்று அடியார்கள் சொல்லும் கும்புக்கன் ஓயா, குமணைக்கும் யாலவுக்கும் எல்லை. பெரும்பாலும் முழங்கால், இடுப்பளவு நீரில் நடந்தே கடக்கலாம். மேட்டுநிலத்தில் மழை பெய்தால் கரையில் வெயில் எரிக்கும்போதே ஆறு பெருகும். முதலையும் உண்டு. ஆகவே கூட்டமாகக் கடப்பது, பிள்ளைகளை நடுவில் விடுவது, பொழுது பட்ட பின் ஆற்றில் இறங்காதிருப்பது என்ற மூன்றையும் இறுக்கமாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

வேல் தாங்கிய சாமி முன்னே போக மற்றவர்கள் பின்தொடர்வதும், அரோகராச் சத்தம் போட்டபடி நடப்பதும் பக்தி முறைகள். காட்டுக்குரிய காவலும் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது என்பதை நடந்தவர்கள் அறிவார்கள். மனிதர் வருவதை முன்கூட்டியே கேட்ட யானை பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். திடீரென்று எதிர்ப்பட்டதுதான் பாயும். கரடி விடயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். யாத்திரைக் காலமும் பாலைப்பழக் காலமும் ஒன்று. பழுத்த பாலை மரத்தடியில் நிழல் கருதிப் படுப்பவர், கரடியின் சாப்பாட்டு இடத்தில் படுக்கிறார். விறகு பொறுக்கவும் ஒதுங்கவும் போகும்போது இருவராவது சேர்ந்து போக வேண்டும். இரவில் ரோர்ச் இல்லாமல் கால் வைக்கக் கூடாது, புடையன் பாம்பு தடத்திலேயே கிடக்கும். உண்ணிக் கடியை அன்றன்று பார்த்து எடுத்துவிடுவது நல்லது.

விடிய முன் எழுந்து நடந்து, வெயில் ஏறியதும் நிழலில் சமைத்துச் சாப்பிட்டு, பின்னேரம் சற்று நடந்து, பொழுது சாயும் முன் தரிப்பிடம் சேர்வதே முறை. குழுவின் வேகம் அதில் மிக மெல்ல நடப்பவரின் வேகமே. நேர்த்திக்கடனாக வெறுங்காலில் நடப்போரும் சுடுமணலுக்கும் முள்ளுக்கும் ஒரு சோடி காலுறையைப் பொதியில் வைத்திருக்கலாம்.

பொதி சிறிதாயிருக்கட்டும்: அரிசி, பருப்பு, பொரிமா, சீனி, புளி, உப்பு, ஒரு சட்டி, தீப்பெட்டி, விரிப்பு, சித்தாலேப, பனடோல். தினமும் உட்கொள்ளும் பிரஷர், நீரிழிவு மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து இருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். ஒரு பொதி ஆற்றில் நனைந்தாலும் மற்றது தப்பும். சொப்பிங் பையைக் காட்டில் விடுவது கொடுமை. சோற்று வாசம் பிடித்த பையை மானும் யானையும் விழுங்கிச் சாகின்றன. அடுப்பை மண் போட்டு மூடி, கை வைத்துச் சூடு பார்த்த பின்னரே புறப்பட வேண்டும்.

காட்டின் பெரும்பகுதியில் போன் எடுக்காது. 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லாத தூரங்கள் அவை. எனவே உகந்தையில் பெயர் பதிவதைத் தவற விடாமல், குழுவில் யார் யார், எந்த நாளில் கட்டகாமம் சேர எண்ணியிருக்கிறோம் என்பதை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் முழுகியதும் வீட்டுக்கு அழைப்பு எடுப்பது, அந்தக் கடிதாசியைப் பார்த்துப் பார்த்து இருப்பவர்களுக்காக.